ராக்காலுக்கும் ஓர் இடம்

மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியன்று கொல்கத்தா நகரம் மஞ்சள் உடுத்துகிறது. வீட்டு முற்றத்திலும் தெருமுனையிலும் பள்ளிக்கூடத்திலும் கலைமகள் எழுந்தருள்கிறாள். மாணவர்கள் தங்கள் பாடநூல்களை அவள் திருவடியில் அடுக்கிவிட்டு, அன்று ஒருநாள் படிப்பிலிருந்து விடுதலை பெறுகிறார்கள். பூஜை முடியும்வரை இலந்தைப் பழத்தை வாயில் வைப்பதில்லை என்பது பிள்ளைகளின் விரதம். படிப்பைத் தொடங்கும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அன்றுதான் ‘ஹாத்தே கோரி’, அதாவது கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து முதல் எழுத்தை எழுதுவிக்கும் சடங்கு. நம் ஊரில் விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுதுவிக்கிறோம் அல்லவா, அதைப் போன்றது.

அந்த வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். மற்றக் குழந்தைகள் மடியில் அமர்ந்து ஆவலோடு எழுதுகிறார்கள். இந்தக் குழந்தையோ, புரோகிதர் கையைப் பற்றியவுடன் உதறுகிறது. சங்கொலி எழுந்ததும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டுகொள்கிறது. பிறகு, கூடத்தின் மூலைக்கு ஓடிச் சென்று, சாளரக் கம்பிகளின் நிழலை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்குகிறது.

சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்கிறார் ஒருவர். “யாருடைய பாவமோ” என்கிறார் மற்றொருவர். தாய் தலைகுனிந்து நிற்கிறாள்.

அந்தக் குழந்தை கலைமகளை மறுத்துவிட்டதா? அல்லது கலைமகளை அடைய ஒரே ஒரு வாயில்தான் உண்டு என்று நாம் முடிவு செய்து, அந்த வாயிலில் நுழைய இயலாத குழந்தையைக் குறைவுடையது என்று தீர்ப்புக் கூறிவிட்டோமா? இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா இதுவே.

கோபாலும் ராக்காலும்

ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1855ஆம் ஆண்டு ‘வர்ணபரிசய்’ என்னும் அரிச்சுவடியை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக வங்காளக் குழந்தைகள் எழுத்துக்களை அறிந்தது அந்த நூலின் வழியாகத்தான். அதன் முதற்பாகத்தில் இரு சிறுவர்கள் வருகிறார்கள். ஒருவன் கோபால். பெற்றோர் சொல்லைத் தட்டாதவன், கொடுத்ததை உண்பவன், பள்ளிக்கு நேராகச் சென்று பாடத்தில் மனத்தைச் செலுத்துபவன். மற்றவன் ராக்கால். வழியில் விளையாடுபவன், பாடத்தில் மனம் செல்லாதவன், யாரும் விரும்பாதவன். கோபாலைப் போல இருக்கவேண்டும், ராக்காலைப் போல இருக்கலாகாது என்பது பாடம்.

இந்தப் பாடத்தைப் பற்றி இரவீந்திரநாத் தாகூர் பிற்காலத்தில் ஒரு சுவையான உண்மையைச் சுட்டிக் காட்டினார். நூலை எழுதிய வித்தியாசாகரரே தம் சிறு வயதில் கோபாலைப் போல இருந்தவர் அல்லர், ராக்காலைப் போலவே இருந்தவர் என்பதுதான் அது. தந்தை சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யும் பிடிவாதக்காரச் சிறுவன்தான் பின்னாளில் கல்விக் கடலாகவும் கருணைக் கடலாகவும் விளங்கினான்.

வித்தியாசாகரரின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் இங்கே நினைவுகூரத் தக்கது. பீர்சிங்கா கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்குத் தந்தையுடன் நடந்து வந்தபோது அவர் எட்டு வயதுச் சிறுவர். சாலையோரத்து மைல்கற்களில் பொறித்திருந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே, நகரை அடைவதற்குள் ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அந்தச் சிறுவனுக்குச் சாலையே சிலேட்டாக அமைந்தது. கற்கும் வழி ஒன்றல்ல என்பதற்கு அரிச்சுவடி எழுதியவரின் வாழ்வே சான்று.

‘ராக்கால்’ என்று பெயரிடப்பட்டு வகுப்பறையின் பின்வரிசைக்கு ஒதுக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்! அவர்களுள் எழுத்துக்கள் கண்முன்னே குழம்பியதால் படிக்க இயலாதவர் உண்டு. ஓரிடத்தில் அமர உடல் இடம் கொடாதவர் உண்டு. நூறு ஒலிகள் ஒரே சமயத்தில் காதில் மோதியதால் ஆசிரியரின் குரலைப் பிரித்தறிய முடியாதவரும் உண்டு. அவர்கள் சோம்பேறிகளும் அல்லர், கெட்டவர்களும் அல்லர். அவர்களுடைய மூளை உலகை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

கிளிக்குக் கற்பித்த கதை

தாகூரும் பள்ளிக்கூடத்திற்கு ஒத்துவராத பிள்ளையாகவே இருந்தார். ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர் என்று கல்கத்தாவின் பள்ளிகள் பலவற்றில் அவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். எதிலும் அவர் படிப்பை நிறைவு செய்யவில்லை. நான்கு சுவர்களுக்குள் பட்ட அந்தத் துன்பத்தின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1901ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் மரத்தடி வகுப்புகளோடு பள்ளி ஒன்றைத் தொடங்கியதற்கு அந்நினைவும் ஒரு காரணம். 1918இல் அவர் எழுதிய ‘தோத்தா காஹினி’ என்னும் கதையில், கிளி ஒன்றுக்குக் கல்வி புகட்டுமாறு அரசன் ஆணையிடுகிறான். பொற்கூண்டு செய்கிறார்கள், பண்டிதர்களைக் கூட்டுகிறார்கள், ஏடுகளைக் கிழித்து அதன் வாயில் திணிக்கிறார்கள். எல்லோரும் கூண்டை மெச்சுகிறார்கள். கிளியை யாரும் கவனிக்கவில்லை. இறுதியில் கிளி இறந்துபோகிறது.

கொல்கத்தாவின் ஆன்மிக வரலாற்றிலும் இதன் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பீகாரிலிருந்து பிழைப்புக்காக வந்து ஒரு வீட்டில் வேலை செய்த லாட்டு என்னும் இளைஞருக்கு, தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் வங்காள எழுத்துக்களைக் கற்பிக்க முயன்றார். முதல் மெய்யெழுத்தின் உச்சரிப்பே லாட்டுவின் நாவுக்கு வரவில்லை. பலமுறை திருத்தியும் பயனில்லாததைக் கண்டு, குருதேவர் சிரித்தபடியே அந்த முயற்சியைக் கைவிட்டார். எழுத்தைத்தான் கைவிட்டார், மாணவரைக் கைவிடவில்லை. அவருக்குரிய வேறு வழியில் அவரை வளர்த்தார். அந்த லாட்டுவே பின்னாளில் கற்றோரும் வந்து கேட்டுத் தெளிந்த சுவாமி அற்புதானந்தர். லாட்டு மகராஜுக்கு ஏதேனும் குறைபாடு இருந்தது என்று நாம் இங்கே சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு ஆதாரமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆசிரியர் எதைக் கைவிட்டார், எதைக் கைவிடவில்லை என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

வேறுபாடு என்பது என்ன?

ஆட்டிசம், எழுத்துக்களைப் படிப்பதில் இடர்ப்பாடு தரும் டிஸ்லெக்சியா, கவனம் சிதறுதலும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட நிலை ஆகியவை இன்று மருத்துவர்களும் ஆசிரியர்களும் நன்கு அறிந்தவை. இவை தொற்றுவதில்லை, வளர்ப்பினால் வருவதும் இல்லை. மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்து வருபவை, வாழ்நாள் முழுவதும் உடனிருப்பவை. உலகில் சற்றேறக்குறைய நூறு பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்பது பொதுவான மதிப்பீடு.

1990களின் இறுதியில், ஆட்டிசம் உடையவர்கள் தமக்குள் நடத்திய உரையாடல்களிலிருந்து ஒரு புதிய கருத்து வெளிப்பட்டது. காட்டில் பலவகை மரங்கள் இருப்பது போல மனித இனத்தில் பலவகை மூளைகள் இருக்கின்றன, ஒருவகையை மட்டும் அளவுகோலாக வைத்து மற்றவற்றை எல்லாம் பழுது என்று கருதலாகாது என்பதே அக்கருத்து. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தமது ஆய்வேட்டில் இதனை எடுத்துரைத்தார். தமிழில் இதனை ‘நரம்பியல் பன்மை’ என்று வழங்குகிறோம். 2012இல் பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் மற்றொரு விளக்கம் தந்தார். அவரும் ஆட்டிசம் உடையவர். ஆட்டிசம் உடையவருக்கு மற்றவரின் மனம் புரிவதில்லை என்று காலம் காலமாகச் சொல்கிறோம். ஆனால், மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உடையவரின் மனம் புரிவதில்லை அல்லவா, அப்படியிருக்கக் குறையை ஒரு பக்கத்தின் மீது மட்டும் சுமத்துவது எப்படி நியாயமாகும் என்று அவர் கேட்டார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். “பேச்சே வராத, தன்னைத்தானே கடித்துக்கொள்ளும், இரவெல்லாம் உறங்காத குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியுமா? இதைப் பன்மை என்று அழகுபடுத்திச் சொல்வதால் எங்கள் துயரம் தீருமா?” என்று ஒரு தாய் கேட்டால், அக்கேள்வியை நாம் மதித்தே ஆகவேண்டும். வேறுபாட்டை ஏற்பது துன்பத்தை மறுப்பது ஆகாது. வலிப்பு வந்தால் மருந்து வேண்டும். பேச்சு வராவிடில் பயிற்சி வேண்டும், கூடவே பேச்சுக்கு மாற்றான வழியும் வேண்டும். உறக்கமின்மைக்கு மருத்துவரின் ஆலோசனை வேண்டும். ஆயின், குழந்தையின் துன்பத்தைக் குறைப்பது வேறு, குழந்தையின் இயல்பையே அழித்து அதனை மற்றொரு குழந்தையாக மாற்ற முயல்வது வேறு. முன்னது சேவை, பின்னது கிளிக்கு ஏடு திணித்த வேலை.

இந்த வேறுபாட்டை அறியாத பெற்றோரின் தவிப்பைப் பயன்படுத்தி, “முற்றிலும் குணப்படுத்துகிறோம்” என்று விளம்பரம் செய்வோரும் உள்ளனர். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சையையும் ஆட்டிசத்திற்கு உரிய அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்கவில்லை. நகையை விற்று இத்தகைய இடங்களுக்கு ஓடுவதற்குமுன் பெற்றோர் நிதானித்துச் சிந்திக்கவேண்டும்.

ஒரு பெண்மணியின் பயணம்

கதவு திறந்தால் என்ன நிகழும், மூடினால் என்ன நிகழும் என்பதைக் கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் என்னும் பெண்மணியின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அவர் பிறப்பிலிருந்தே பெருமூளை வாதம் உடையவர். இது உடலசைவையும் பேச்சையும் பாதிக்கும் நிலை. ஆட்டிசமும் இதுவும் வெவ்வேறானவை, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஆயினும் மூளை வேறு விதமாக இயங்குவோர்மீது சமூகம் சாத்தும் கதவு ஒன்றேதான்.

1974ஆம் ஆண்டு சுதா கவுல் அம்மையார் கொல்கத்தாவில் பெருமூளை வாதம் உடைய குழந்தைகளுக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அது இந்தியப் பெருமூளை வாத நிறுவனம் என்னும் பெயரில் தாராதலாப் பகுதியில் இயங்கி வருகிறது. பேச இயலாதவர்கள் படங்கள், பலகைகள், கருவிகள் வாயிலாகத் தம் எண்ணத்தை வெளியிடும் முறைகளை நம் நாட்டில் வளர்ப்பதில் அந்நிறுவனம் நெடுங்காலமாக உழைத்துள்ளது. ஜீஜா கோஷ் இத்தகைய சிறப்புப் பள்ளியில் கல்வியைத் தொடங்கினார். பின்னர் லா மார்டினியர் பெண்கள் பள்ளியில் ஏனைய மாணவியருடன் சேர்ந்து படித்தார். பிரசிடென்சி கல்லூரியில் சமூகவியல் பயின்றார். டில்லிப் பல்கலைக்கழகத்திலும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் முதுகலைக் கல்வி பெற்றார். தமக்கு உதவிய நிறுவனத்திலேயே பணியாற்றி, மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார்.

2012 பிப்ரவரி 19 அன்று கோவாவில் நடைபெறவிருந்த ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கிற்காக அவர் கொல்கத்தா விமான நிலையத்தில் விமானம் ஏறினார். கருத்தரங்கின் பொருள் மாற்றுத் திறனாளிகள் பற்றியதே. இருக்கையில் அமர்ந்த பின்பு, விமான ஊழியர்கள் வந்து அவரை இறங்கச் சொன்னார்கள். அவருடைய தோற்றத்தையும் பேச்சையும் கண்டு, பயணம் செய்யத் தகுதியற்றவர் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பயனில்லை. கருத்தரங்கில் பேசவேண்டியவர் வீடு திரும்பினார்.

அவர் நீதிமன்றத்தை நாடினார். 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. மாற்றுத் திறனாளிகள் வேண்டுவது இரக்கத்தை அன்று, மற்றவர்களைப் போல் மதிப்புடன் வாழும் உரிமையைத்தான் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஊழியர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவர் தனியாகவே பயணம் செய்ய வல்லவர் என்பது விளங்கியிருக்கும். கேட்கவேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. தீமை எப்போதும் கொடுமையான முகத்தோடு வருவதில்லை. ‘இவருக்கு என்ன தெரியும்’ என்ற எண்ணத்தோடும் வருகிறது.

ஜீஜா கோஷ் திருமணம் செய்துகொண்டார். 2018இல் அவரும் கணவரும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கத் தொடங்கினர். ‘பராமரிக்கப்பட வேண்டியவர்’ என்று உலகம் முத்திரை குத்திய ஒருவர், ஓர் உயிரைப் பராமரிக்கும் தாயாக நிற்கிறார். கல்வியின் பயன் இல்லறம்வரை நீள்வதை இங்கே காண்கிறோம்.

சட்டம் தந்த உரிமை

2016ஆம் ஆண்டு நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வகை நிலைகளை அது பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அவற்றுள் அடங்கும். அரசு ஏற்பு பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளை வேறுபாடு காட்டாமல் சேர்த்துக்கொண்டு, அவரவர் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தரவேண்டும் என்று அது கூறுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ளதாகச் சான்று பெற்ற குழந்தை, 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்க உரிமை உண்டு.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியரும், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவரும் வேண்டும் என்று இடைக்கால அளவு வகுத்தது. அடுத்த மாதமே மற்றொரு வழக்கில், எழுதுவதில் இடர்ப்பாடு தரும் டிஸ்கிராஃபியா உடைய மாணவி ஒருவருக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் தர மறுத்தது தவறு என்று தீர்ப்புரைத்தது. கூடுதல் நேரம் என்பது சலுகை அன்று. மூக்குக் கண்ணாடி அணிந்து தேர்வு எழுதுபவரை நாம் சலுகை பெற்றவர் என்று சொல்வதில்லை அல்லவா?

ஆயினும் சட்டத்தால் பள்ளியின் வாயிற்கதவைத்தான் திறக்க முடியும். ஆசிரியரின் மனக்கதவையும், பக்கத்து இருக்கையில் அமரும் குழந்தையின் பெற்றோரது மனக்கதவையும் சட்டம் திறக்க இயலாது. ‘இந்தப் பிள்ளை இருந்தால் எங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெடும்’ என்று பிற பெற்றோர் மனுக் கொடுப்பதும், அதைக் காரணமாகக் காட்டிப் பள்ளி கைவிரிப்பதும் இன்றும் நிகழ்கின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பின் கடைசி மூலையில் நாள் முழுவதும் வெறுமனே அமர்ந்திருக்கும் குழந்தையை ‘உள்ளடக்கிய’ குழந்தை என்று நாம் கூற முடியாது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவு இல்லாமலே ஓர் ஆசிரியர் செய்யக்கூடியவை பல. அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரைந்து கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டினால், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் அஞ்சும் குழந்தை அமைதி பெறும். அதனால் மற்றக் குழந்தைகளுக்கும் நன்மையே. வழக்கம் மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். நீண்ட கட்டளையை ஒரே மூச்சில் கூறாமல், ஒவ்வொரு படியாகக் கூறவேண்டும். ஓரிடத்தில் அமர இயலாத மாணவனிடம் கரும்பலகை துடைப்பதையும் குறிப்பேடுகளை வழங்குவதையும் ஒப்படைத்தால், அவனது துறுதுறுப்பே பயனுள்ள பணியாகும்.

படிக்கத் திணறும் குழந்தையை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படிக்கச் சொல்லி அவமானப்படுத்தலாகாது. அதற்குப் பாடத்தைக் காதால் கேட்டு வாயால் விடை சொல்ல வாய்ப்புத் தரலாம். கண்ணோடு கண் பார்க்கவில்லை என்பதற்காக அடங்காமை என்று எண்ணலாகாது, பார்வையை விலக்கினால்தான் சில குழந்தைகளுக்குக் காது கேட்கும். கைகளை அசைப்பதும் முன்னும் பின்னும் ஆடுவதும் அவர்கள் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. யாருக்கும் தீங்கில்லாதபோது அதைத் தடுக்கத் தேவையில்லை. ஒலி மிகுந்து தாங்க முடியாதபோது சிறிது நேரம் ஒதுங்கி இருக்க ஓர் அமைதியான மூலை வேண்டும். அந்த மூலை தண்டனைக்குரிய இடமாக ஆகிவிடக் கூடாது.

சிறப்புப் பள்ளி நல்லதா, பொதுப்பள்ளி நல்லதா என்ற விவாதம் அடிக்கடி எழுகிறது. ஜீஜா கோஷின் பயணத்தில் இரண்டுமே இருந்தன. ஒன்று அடித்தளம் இட்டது, மற்றொன்று உலகத்தோடு இணைத்தது. எந்தக் குழந்தைக்கு எப்போது எது தேவை என்பதைக் குழந்தையைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். பொதுப்பள்ளியைத் தேர்ந்தால், அங்கே சிறப்பாசிரியரின் துணை இருக்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. நீந்தத் தெரியாதவனைக் குளத்தில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து வாழ்த்துவதால் பயனில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1943இல் லியோ கான்னர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்குப் பின் பல்லாண்டுகள் மேலைநாட்டு அறிஞர்கள் சிலர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று கற்பித்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அக்கருத்தை எங்கும் பரப்பியது. எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இலேயே இது உடலியல் அடிப்படையிலானது என்று வாதாடி நூல் எழுதியிருந்தார். காலப்போக்கில் அறிவியல் அவர் பக்கமே நின்றது. மேலைநாடு கைவிட்ட அந்தப் பழியை நாம் வேறு சொற்களில் இன்றும் கூறுகிறோம். ‘கைபேசியைக் கொடுத்துக் கெடுத்தாள்’, ‘வேலைக்குப் போனதால் வந்தது’, ‘பூர்வஜன்ம வினை’ என்பவை எல்லாம் அதே பழிச்சொல்லின் புதிய வடிவங்களே. ஒரு குழந்தைக்கு உதவ விரும்பும் குடும்பம் முதலில் அதன் தாயைக் குற்றக் கூண்டிலிருந்து இறக்கவேண்டும்.

அடுத்து, சுமையைப் பங்கிடவேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, பயிற்சி தருவது, பள்ளியில் பேசுவது, இரவில் விழித்திருப்பது ஆகிய யாவும் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தால் அவள் ஒடிந்துவிடுவாள். தந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் அத்தை சித்தப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு. உடன்பிறந்த குழந்தையை மறந்துவிடலாகாது. ‘நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்றே எப்போதும் கேட்டு வளரும் அந்தக் குழந்தைக்கும் பெற்றோரின் தனி நேரம் தேவை.

ஆட்டிசம் உடைய ஜிம் சின்க்ளேர் என்பவர் 1993இல் பெற்றோர்களை நோக்கிச் சொன்ன கருத்து ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. நீங்கள் எதிர்பார்த்த ஒரு குழந்தை வரவில்லை என்பதற்காக வருந்துகிறீர்கள், அது இயல்பு. ஆனால் அந்த வருத்தத்திற்கும் உங்கள் முன் நிற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை, வந்திருப்பவரை வரவேற்க வாருங்கள் என்பதே அதன் சாரம். இறைவனை விருந்தினராகக் கருதும் பண்பாடு நம்முடையது. வந்த விருந்தினர் நாம் எண்ணிய உருவில் வரவில்லை என்பதற்காக வாயிலில் நிறுத்துவது அப்பண்பாட்டிற்கு அழகாகுமா?

விழாக்களிலும் இந்த வரவேற்பு வேண்டும். துர்கா பூஜையின்போது கொல்கத்தா முழுவதும் தாக் மேளம் அதிர்கிறது, விளக்குகள் மின்னுகின்றன, பந்தல்களில் மக்கள் வெள்ளம் அலைமோதுகிறது. பலருக்குப் பேரின்பமான அதுவே சில குழந்தைகளுக்குத் தாங்கொணா வேதனை. அதற்காக வீட்டிலேயே பூட்டி வைக்கவேண்டியதில்லை. கூட்டம் கூடுவதற்கு முன், விடியற்காலையில் அழைத்துச் செல்லலாம். காதுக்கு மறைப்பு அணிவிக்கலாம். ஒரே ஒரு பந்தலை மட்டும் பார்த்துத் திரும்பலாம். நம் ஊர்த் திருவிழாவிற்கும் இது பொருந்தும்.

எங்களுக்குப் பின் யார்?

பகலெல்லாம் அடக்கி வைத்த கேள்வி இரவில் பெற்றோரின் நெஞ்சில் எழுகிறது: நாங்கள் போன பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு எளிய விடை இல்லை. ஆனால் தொடக்கங்கள் உள்ளன. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு உடையோருக்காக ஏற்பட்டது. பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்குத் தேவையெனில், மாவட்ட ஆட்சியர் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வமான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். ‘நிராமயா’ என்னும் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவுகிறது.

பெற்றோர் ஒருவரையொருவர் கண்டுகொள்வது இவற்றினும் பெரிய வலிமை. மேற்கு வங்க ஆட்டிசம் சங்கம் இத்தகைய பெற்றோரின் முயற்சியால் உருவானதே. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய வித்யா சாகர் இன்று நம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றிற்கு ஊன்றுகோலாக விளங்குகிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது. தனித்து அழுத பெற்றோர் ஒன்று கூடினால், அந்த அழுகையே பணியாக மாறும்.

முதல் வினாவுக்குத் திரும்புவோம்

வித்தியாசாகரர் சம்ஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தபோது, பிராமணர், வைத்தியர் ஆகிய குலத்தினருக்கு மட்டுமே அதுவரை திறந்திருந்த கதவைப் பிறருக்கும் திறந்தார். ‘தகுதியற்றோர் வந்தால் கல்வி கெடும்’ என்று அன்று எதிர்த்தவர்கள் உண்டு. கல்வி கெடவில்லை. கதவு அகன்றது. இன்று நம் முன் நிற்பதும் அதே பணி.

கூடத்தின் மூலையில் சாளர நிழலை எண்ணிக்கொண்டிருந்த குழந்தையை மீண்டும் நினைவுகூர்வோம். அதன் அருகில் யாரேனும் சென்று ஓசையின்றி அமர்ந்தார்களா? நிழலை அதனோடு சேர்ந்து எண்ணினார்களா? அப்படி ஒருவர் அமர்ந்திருந்தால், அந்தக் கம்பிகளின் நிழலே அதற்கு முதல் எண்ணாகவும் முதல் எழுத்தாகவும் ஆகியிருக்கும். சங்கொலி அடங்கிய பின், சுண்ணக்கட்டி உறுத்தாத மென்மையான மணலில், தானாக விரும்பிய வேளையில் அக்குழந்தை ஒரு கோடு கிழித்திருக்கலாம். அதுவும் ஹாத்தே கோரியே. கலைமகள் அதையும் ஏற்றுக்கொள்வாள்.

சிந்திக்கவும் செயலாற்றவும்

1. நம் உறவில் அல்லது தெருவில் இத்தகைய குழந்தை உள்ள வீட்டிற்கு நாம் கடைசியாக எப்போது சென்றோம்? நம் வீட்டு விசேஷத்திற்கு அக்குழந்தையையும் சேர்த்து அழைத்தோமா?

2. ‘மந்தம்’, ‘பைத்தியம்’, ‘அடங்காப்பிடாரி’ என்ற சொற்கள் நம் வீட்டில் எவ்வளவு எளிதாக வழங்குகின்றன? நம் பிள்ளைகள் அவற்றை யாரிடமிருந்து கற்கிறார்கள்?

3. நம் பிள்ளையின் வகுப்பில் அத்தகைய மாணவன் சேர்ந்தால், நாம் பள்ளிக்கு எழுதும் கடிதம் எதிர்ப்புக் கடிதமாக இருக்குமா, சிறப்பாசிரியர் வேண்டும் என்று கேட்கும் கடிதமாக இருக்குமா?

4. அந்தத் தாய்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்க நம்மால் என்ன செய்ய இயலும்?

இவற்றுள் ஒரே ஒரு வினாவுக்காவது இந்த மாதத்திற்குள் செயலால் விடை காண முயல்வோமாக.